நாச்சியார்பொட்டலில் டிவி இல்லை

பேராசிரியர் சண்முகராஜுக்குப் பணம் கிடைத்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அது கிடைக்காமல் போயிருந்தால் புதூர் ஒன்றியத்தில் நாச்சியார்பொட்டல் என்று ஓர் ஊர் இருப்பது டெல்லிக்குத் தெரிந்திருக்காது. டெல்லி என்று ஓர் ஊர் இருப்பதைப் பற்றி நாச்சியார்பொட்டலில் ஆடு மேய்க்கிற வீட்டுப் பாலம்மாளும் கவலைப்பட்டிருக்க மாட்டாள்.

சண்முகராஜ் கோவில்பட்டியில் ஒரு தனியார் கல்லூரியின் உளவியல் துறைத் தலைவர். துறையில் அவரைத் தவிர இன்னொருவரும் உண்டு. அவரைப் பாதி நாள் நூலகத்தைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிடுவார்கள். ஆகவே தலைவரும் சண்முகராஜே, துறையும் அவரே. வருஷத்துக்கு ஒரு தடவை டெல்லிக்கு ஆராய்ச்சித் திட்டம் எழுதி அனுப்புவார். மானாவாரி வெள்ளாமை செய்யும் சம்சாரிகளின் மனச்சோர்வு என்று எழுதினார். திரும்பி வந்தது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்களின் தூக்கம் என்று எழுதினார். அது திரும்பிக்கூட வரவில்லை. மழை பெய்யாத ஊர்க்காரன் சோர்ந்து கிடக்கிறான் என்பதைக் கண்டுபிடிக்க யார் காசு கொடுப்பார்கள்?

சென்னையில் ஒரு கருத்தரங்கு. மதியச் சாப்பாட்டு வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற ஒரு பெரிய மனிதர், தட்டை நீட்டிக்கொண்டே, "இப்போ டெல்லியில 'டிஜிட்டல்'னு ஒரு வார்த்தை இருந்தாப் போதும், அதோட 'குழந்தை'யும் சேர்ந்துட்டா யாரும் உள்ளே பிரிச்சே பார்க்கிறதில்லை" என்று சொன்னார். சண்முகராஜ் அன்றைக்குத் தயிர்சாதத்துக்குக்கூட நிற்கவில்லை. ராத்திரி ரயிலிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார்: 'டிஜிட்டல் ஊடகங்களும் குழந்தை வளர்ச்சியும் - கரிசல் வட்டாரத்தில் ஓர் ஒப்பீட்டு ஆய்வு.'

இது நடந்தது இரண்டாயிரத்து ஏழில். அப்போது கரிசல் வட்டாரத்தில் டிஜிட்டலாக என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். டெல்லியும் அதைத்தான் கேட்டது. தொலைக்காட்சியை டிஜிட்டல் ஊடகம் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று விளக்கம் கேட்டார்கள். சண்முகராஜ் தன் வீட்டு டிஷ் டிவிப் பெட்டியைப் போட்டோ எடுத்து, அதன் நெற்றியில் 'டிஜிட்டல்' என்று அச்சடித்திருக்கும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினார். இரண்டாம் மாதம் பணம் வந்துவிட்டது.

ஆய்வுக்கு இரண்டு ஊர் வேண்டும். ஒன்று டிவி உள்ள ஊர். அதற்குப் பஞ்சமில்லை, எட்டயபுரம் ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு கையைக் காட்டினாலும் கிடைக்கும். இன்னொன்று டிவியே இல்லாத ஊர். இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் ஒரு வருஷ இடைவெளியில் இரண்டு சுற்று சோதித்துப் பார்த்தால், டிவியால் பிள்ளைகளுக்கு வரும் கெடுதல் தானாகத் தெரிந்துவிடும் என்பது திட்டம். கெடுதல் வரும் என்பது டெல்லிக்கு ஏற்கெனவே தெரியும், எவ்வளவு என்றுதான் தெரியவேண்டும்.

டிவி இல்லாத ஊரைத் தேடிப் போனவள் பிரேமலதா. எட்டயபுரத்துப் பெண், எம்.ஏ. முடித்து மூன்று வருஷமாக வீட்டில் இருந்தவள், ஆய்வு உதவியாளர் வேலைதான் அவளுக்கு முதல் வேலை. புதூர் பக்கம் கல்லூரி வேனில் ஒவ்வோர் ஊராகப் போனாள். எல்லா ஊரிலும் டிவி இருந்தது. நாச்சியார்பொட்டலுக்குப் போனபோது வேனை விட்டு இறங்கி, கையில் அட்டையும் பேனாவுமாக, முதல் வீட்டு வாசலில் நின்றுகொண்டு முதல் கேள்வியைக் கேட்டாள்.

"உங்க வீட்ல டிவி இருக்கா?"

அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த வருஷம் அது. பக்கத்து ஊருக்கு லாரியில் வந்து இறங்கியாயிற்று. நாச்சியார்பொட்டலுக்கு இன்னும் வரவில்லை. அந்த நேரத்தில் வேனில் வந்து இறங்கி, படித்த பெண் ஒருத்தி, அட்டையும் பேனாவுமாக இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால், அதற்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"டிவியா? அப்படீன்னா?" என்றாள் முதல் வீட்டுக்காரி.

பிரேமலதா அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் சேதி ஊரின் மறுகோடியைத் தொட்டுவிட்டது. முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் பெருமாள்சாமி, வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற சம்சாரி, இந்த மாதிரி நேரங்களில் தலைவர் பதவி தன்னைவிட்டுப் போனதையே மறந்துவிடுவார். அன்றைக்குச் சாயங்காலம் சாவடியில் ஊரைக் கூட்டினார்.

"இங்க பாருங்கய்யா, டிவி இருக்கவனுக்கு டிவி கெடையாதாம். ஒருத்தர் வாயைத் தெறந்தாலும் ஊருக்கே வராது. அங்கன மேலூர்ல ஒரு மகராசன் உண்மையச் சொல்லப்போயி அந்தத் தெருவே அம்போன்னு நிக்குது. அந்தப் பிள்ளை மறுபடி வரும்னு சொல்லியிருக்கு. எடுத்து உள்ள வைங்க."

எடுத்து வைத்தார்கள். சிலருடைய டிவி, தானியம் கொட்டிவைக்கும் குலுக்கைக்குள் கம்பம்புல்லோடு இறங்கியது. சிலருடையது சோளத்தட்டைப் படப்புக்குள் போனது. ஒருவர் சேலையைச் சுற்றி, மேலே சாமி படத்தைச் சாய்த்து, குத்துவிளக்கு ஏற்றிவைத்துவிட்டார். மாடியில் இருந்த டிஷ்களை மட்டும் ஒளிக்க இடமில்லை. அவற்றைப் பகலில் கழற்றி மல்லாத்திப் போட்டு மிளகாய் வத்தலைக் காயவைத்தார்கள். முதல் சுற்றுக்கு நேரில் வந்த சண்முகராஜ் அதைப் பார்த்துப் பரவசப்பட்டு, 'வத்தல் காயவைக்கும் பாரம்பரியத் தட்டு' என்று குறிப்பெழுதிப் படம் பிடித்துக்கொண்டார். வீட்டில் தினமும் தலைக்கு மேலே அதே தட்டு இருப்பவர் அவர். ஆனால் ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் ஆளுக்கு ஒரு கண் அவிந்துபோகிறது.

இப்படி நாச்சியார்பொட்டல் டிவி இல்லாத ஊராயிற்று.

முதல் சுற்று பால்வாடியில் நடந்தது. டெல்லியிலிருந்து வந்த பட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, பிள்ளை என்ன சொல்கிறது என்று குறிக்கவேண்டும். தெலுங்கு வீட்டுப் பிள்ளை தண்ணீர் படத்தைப் பார்த்து "நீள்ளு" என்றால் தப்பு. பூனையைப் பார்த்து "பில்லி" என்றால் அதுவும் தப்பு. அட்டையில் தமிழ்தான் போட்டிருக்கிறது. ஆனால் பனிமலைப் படம் வந்ததும் அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தின.

"காஷ்மீரு! பாட்டுக்கு ஆடுவாவல்ல, அங்கன!"

பிரேமலதா பேனாவை நிறுத்தினாள். "யாரு ஆடுவா? எங்க பார்த்த?"

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சம்சாரி வீட்டுப் பிள்ளை கிருஷ்ணப்ரியா, ஐந்து வயது, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்ல டிவி இல்ல டீச்சர். அந்தி சாஞ்ச பெறகுதான் குலுக்கைலேருந்து எடுப்பாவ" என்றது.

பிரேமலதா இதைச் சண்முகராஜிடம் அப்படியே சொன்னாள். அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். மறுபடி ஓர் ஊர் தேடவேண்டும், வேனுக்கு டீசல் போடவேண்டும், டெல்லிக்கு விளக்கம் எழுதவேண்டும். பிறகு, "குழந்தைகளுக்குக் கற்பனை வளம் ஜாஸ்தி. அதை அந்தத் தலைப்பில் குறிச்சுக்கோம்மா" என்றார். டிவி இல்லாத ஊரில் கற்பனை வளம் பெருகுகிறது என்று பிற்பாடு ஒரு தனி அத்தியாயமே வந்தது.

இந்த ஊரில் பொய் சொல்லாமல் பதில் சொன்ன வீடு ஒன்றே ஒன்று. அது பாலம்மாள் வீடு. அவள் நல்லவள் என்று நான் சொல்லவரவில்லை. ஒளித்துவைக்க அவளிடம் டிவி இல்லை, அவ்வளவுதான். புருஷன் மாயகிருஷ்ணன் ஆடு வைத்திருக்கிறவன். அறுப்பு முடிந்ததும் மற்ற ஆட்டுக்காரர்களோடு சேர்ந்து மந்தையைத் தாமிரபரணிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய், வயலில் ராத்திரி ஆட்டை அடைத்து உரத்துக்குக் கிடை போடுவான். வருஷத்தில் பாதி நாள் குடும்பமே கிடையோடு வயலில் கிடக்கும். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குக் கரண்டு எதற்கு என்று அவன் கனெக்‌ஷனே வாங்கவில்லை.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, கண்ணபிரான். மூன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை. நாக்கில் வசம்பைத் தேய்த்தார்கள். திருச்செந்தூரில் மொட்டை போட்டார்கள். ஆம்பளைப் பிள்ளை பிந்தித்தான் பேசும் என்று ஊர் சொன்னது. பாலம்மாளுக்கு மட்டும் வேறொரு பயம் இருந்தது. சாயங்காலம் மந்தையை மடக்க அவள் வாயில் கைவைத்து ஒரு சத்தம் கொடுப்பாள். அந்தச் சத்தத்துக்கு அத்தனை ஆடும் தலையைத் தூக்கித் திரும்பும். இவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து புழுக்கையை வைத்து விளையாடிக்கொண்டே இருப்பான். ஆட்டுக்குக் கேட்டது பிள்ளைக்குக் கேட்கவில்லை. அதைப் புருஷனிடம்கூட அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடுமோ என்று பயந்தாள்.

முதன்முதலாகச் சொன்னது பிரேமலதாவிடம்தான். கண்ணபிரான் ஓர் அட்டைக்கும் பதில் சொல்லாமல் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பாலம்மாள் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"டீச்சர், இவனுக்குக் காது கேக்கலயோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. எங்கன கொண்டுபோயிக் காட்டணும்? நீங்கதான் சொல்லணும்."

பிரேமலதா அட்டைகளைக் கீழே வைத்தாள். நேரே சண்முகராஜிடம் போனாள். அவர் கையை உயர்த்தி அவளைத் தடுத்தார்.

"கவனம்மா. அந்தப் பையன் நம்ம ஒப்பீட்டுக் குழுவில் இருக்கிறான். நடுவில் யாராவது வைத்தியம் அது இதுன்னு செஞ்சா வளர்ச்சி எதனால வந்ததுன்னு சொல்லமுடியாது. ஆய்வே கெட்டுப்போகும். இரண்டாம் சுற்று வரைக்கும் இருக்கிறபடி இருக்கட்டும். ஊரைவிட்டுப் போகவேண்டாம்னு சொல்லு. மார்ச்சுக்குள்ள காது பார்க்கிற மிஷினே வாங்குறோம். நாமே பார்த்துடலாமே."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியும். இந்த ஓநாய்க்கு அழவும் நேரமில்லை.

மிஷின் வந்தது உண்மை. அது வந்த காரணம் வேறு. மார்ச் முப்பத்தொன்றுக்குள் கருவி வாங்குவது என்ற தலைப்பில் ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காவிட்டால் டெல்லிக்குத் திரும்பிப் போய்விடும். மீதியிருந்த பணத்துக்குச் சரியாகப் பொருந்திய கருவி விலைப்பட்டியலில் அது ஒன்றுதான் இருந்தது. வெளிநாட்டு மிஷின். குளிர்ச்சியில் வைக்கவேண்டும் என்று பெட்டியில் போட்டிருந்ததால் அதற்கு ஓர் ஏ.சி. அறையும், அந்த அறையில் ஒரு மேஜையும், மேஜைக்குப் பின்னால் சண்முகராஜுக்கு ஒரு சுழல்நாற்காலியும் வந்தன. மிஷினை இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஆனால் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத் திட்டத்தில் தலைப்பு இல்லை. ஆகவே மிஷின் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அந்தக் கோடையில் கோவில்பட்டியிலேயே நிம்மதியாக இருந்தது அது ஒன்றுதான்.

பிரேமலதாவுக்கு இந்தத் தலைப்புச் சமாசாரம் தெரியாது. பெட்டி வந்து இறங்கிய மறுநாளே சந்தோஷம் தாங்காமல் நாச்சியார்பொட்டலுக்கு பஸ் ஏறினாள்.

"அக்கா, மிஷின் வந்துட்டு! என் கண்ணால பார்த்தேன். ரெண்டாம் சுற்றுல மொத ஆளா உங்க பிள்ளைக்குத்தான் பார்ப்போம்."

அவள் போன நேரம் மாயகிருஷ்ணன் கிடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அந்த வருஷம் கிடை போட ஒப்பந்தமானது சீவலப்பேரிப் பக்கம். பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம். மாயகிருஷ்ணன் அதையும் மனதில் வைத்துத்தான் ஒப்புக்கொண்டிருந்தான். பிள்ளைக்குக் கேட்கவில்லை என்பது அவனுக்கும் தெரியும். அவனும் சொல்லாமல்தான் வைத்திருந்தான்.

"ஏட்டி, பொறப்படு. போற இடத்துல ஆஸ்பத்திரில ஒரு எட்டு காட்டிட்டு வந்துருவோம்."

"வேணாம், நான் வரல. ஊரைவிட்டுப் போகக்கூடாதுன்னுருக்காவ. போனா ஆராய்ச்சி கெட்டுப்போயிருமாம், அப்புறம் மிஷின்ல பாக்கமாட்டாவளாம்."

"ஆராய்ச்சி கெட்டா உனக்கென்னட்டி? ஆடு மேய்க்கவன் ஊர்ல இருந்து என்னத்தத் திங்க?"

"டெல்லி மிஷினாம். பாளையங்கோட்டைல அது இருக்குமா? எம்பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும், நீங்க போங்க."

அவன் கோபத்தோடு மந்தையை ஓட்டிக்கொண்டு போனான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கிடைக்குப் போகாத வருஷம் அது ஒன்றுதான். களையெடுக்கவும் பருத்தி பிடுங்கவும் போய்ப் பிள்ளையையும் தன்னையும் பார்த்துக்கொண்டாள். வேன் சத்தம் கேட்டால் தலைவாரி, பிள்ளைக்குச் சட்டை போட்டு வைத்துக்கொள்வாள். பாதி நேரம் அது மினிபஸ்ஸாக இருக்கும்.

கல்லூரியில் முதல் சுற்றுக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தபோது சண்முகராஜுக்கு மகிழ்ச்சி பொங்கியது. நாச்சியார்பொட்டல் பிள்ளைகள் எட்டயபுரம் ரோட்டுப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு சொற்கள் அறிந்திருந்தன. டெல்லி எதிர்பார்த்ததே அதுதான். குலுக்கைக்குள் இருந்த டிவிகளில் சேனல் அதிகம் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆனால் ஒரே ஓர் இடறல் இருந்தது. சி-17 என்ற பிள்ளை சைபர் வாங்கி ஊர்ச் சராசரியைக் கீழே இழுத்தது.

"இவனை எடுத்துடு" என்றார் சண்முகராஜ்.

"சார், அது அந்தக் காது கேக்காத பிள்ளை. ரெண்டாம் சுற்று வரைக்கும் இருக்கச் சொன்னோமே."

"விதிவிலக்கு வேண்டாம்மா. சராசரியைக் கெடுக்கிறான்."

"சார்," என்றாள் பிரேமலதா, "அந்த ஊர்ல நெசமாவே டிவி இல்லாத வீடு அந்தப் பிள்ளை வீடு ஒண்ணுதான் சார்."

சண்முகராஜ் சுழல்நாற்காலியை ஜன்னல் பக்கம் சுழற்றிக்கொண்டார். "அதை நான் கேட்கலை" என்றார்.

இரண்டாம் சுற்றுக்கு வேன் வந்தது. தலைவாரிச் சட்டை போட்டுக் காத்திருந்த கண்ணபிரானைக் கூப்பிடவில்லை. மிஷினும் வரவில்லை, அது ஏ.சி. அறையைவிட்டு வெளியே வரக்கூடாதாம். பிரேமலதா பாலம்மாளை நிமிர்ந்து பார்க்காமல், "இந்தத் தடவை உங்க பிள்ளை பேரு இல்லக்கா" என்றாள்.

"இல்லைன்னா? எங்க போச்சு? நான் எங்கயும் போகலயே டீச்சர். நீங்க சொன்னபடி இங்கனயேதான இருக்கேன்."

பிரேமலதா அடுத்த பிள்ளையின் பேரைக் கூப்பிட்டாள். வேனில் ஏறி உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை வந்தது. சம்பளம் வருகிற வேலை, வீட்டில் கல்யாணத்துக்குச் சேர்க்கிறார்கள். அழுது முடித்துவிட்டு அட்டைகளை அடுக்கினாள்.

மார்கழியில் கல்லூரியில் நிறைவு விழா. டெல்லியிலிருந்து அதிகாரி வந்திருந்தார். நாச்சியார்பொட்டலைக் கௌரவிக்க வேன் அனுப்பியிருந்தார்கள். டிவியை அங்கே வைத்துத்தான் கொடுப்பார்கள் என்று முடிவுகட்டி, ஊரே கோணிச்சாக்கும் கயிறும் எடுத்துக்கொண்டு ஏறியது. கூப்பிடாத பாலம்மாளும், மிஷின் அங்கேதானே இருக்கிறது என்று, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறினாள். யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை, உட்கார இடமும் விடவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது சும்மாவா?

மேடையில் வண்ணப்படம் காட்டினார்கள். அதில் டிஷ்ஷும் வத்தலும் வந்தபோது ஊர்க்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதிகாரி பெருமாள்சாமியை மேடைக்கு அழைத்து, இந்தக் காலத்தில் டிவி என்னும் மாயையை ஒரு கிராமம் எப்படி வென்றது என்று கேட்டார். சண்முகராஜ் மொழிபெயர்த்தார்.

"எங்க ஊரு கட்டுப்பாடு அப்படிங்க" என்றார் பெருமாள்சாமி. அது பொய்யில்லை.

அதிகாரி கண் கலங்கினார். ஆய்வின் இரண்டாம் கட்டத்துக்கும் பணம் உண்டு என்று அங்கேயே அறிவித்தார். டிவியே அறியாத இந்த ஊருக்கு வீட்டுக்கு ஒரு டிவி கொடுத்து, அதனால் பிள்ளைகள் எப்படிக் கெடுகின்றன என்று மூன்று வருஷம் ஆராய்வது. மொழிபெயர்ப்பு முடிவதற்குள் ஊர் கைதட்டத் தொடங்கிவிட்டது. கைதட்டலுக்கு நடுவே பாலம்மாள் எழுந்து நின்றாள்.

"எனக்கு டிவி வேணாம். காது பாக்க மிஷின் இருக்குன்னு சொன்னாவ. அதை எம்பிள்ளைக்கு வச்சுப் பாருங்க."

பெருமாள்சாமி மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "ஏம்மா பாலம்மா, நல்ல நேரத்துல காரியத்தக் கெடுக்காத. உக்காரு."

"உக்காரமாட்டேன் அண்ணாச்சி. பாக்கலைன்னா யார் யார் வீட்டுக் குலுக்கைக்குள்ள என்னென்ன இருக்குன்னு இவியகிட்ட இப்பவே சொல்லிருவேன்."

கைதட்டல் பாதியில் அறுந்தது. அவள் என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். சண்முகராஜுக்கு வேர்த்துவிட்டது. இந்தத் தாய் நம் கருவியைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, எல்லோரையும் ஏ.சி. அறைக்கு அழைத்துப் போனார்.

பெட்டியைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேடவேண்டியிருந்தது. தெர்மாகோலுக்குள்ளிருந்து மிஷின் வெளியே வந்தது. எந்த வயர் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. கல்லூரி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவர் பிளக்கைச் சொருகினார், பச்சை விளக்கு எரிந்தது. சண்முகராஜ் கறுப்பு ஹெட்போனை எடுத்துக் கண்ணபிரானின் தலையில் மாட்டி, கைக்கு வந்த திருகு ஒன்றைத் திருகினார். தலையில் புதுச்சாமான் ஏறிய சந்தோஷத்தில், அத்தனை பேர் முகத்தையும் பார்த்துப் பிள்ளை சிரித்தான்.

"பார்த்தீங்களா, சிரிக்கிறான்! நல்லாக் கேட்குது!" என்றார் சண்முகராஜ்.

அதிகாரி கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். பிளாஷ் அடித்தது. அந்தப் போட்டோதான் பிற்பாடு ஆய்வறிக்கையின் அட்டைப்படமாக வந்தது. ஆய்விலிருந்து நீக்கப்பட்ட ஒரே பிள்ளை அட்டையில் சிரித்துக்கொண்டிருந்தான்.

பாலம்மாள் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றாள். ஹெட்போனைக் கழற்றினாள். மந்தையை மடக்குகிற அந்தச் சத்தத்தை, அடிவயிற்றிலிருந்து, அந்தச் சின்ன அறைக்குள் கொடுத்தாள். அதிகாரி துள்ளி விழுந்தார். எலக்ட்ரீஷியன் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே போட்டார். கண்ணபிரான் பச்சை விளக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாலம்மாளுக்குத் தன்மேல் வந்த கோபம் வேறு யார்மேலும் வரவில்லை. ஒரு வருஷமாக இந்தத் தெர்மாகோல் பெட்டிக்காகவா காத்துக்கிடந்தோம் என்று நெஞ்சு எரிந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பிரேமலதா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே வந்து, பாளையங்கோட்டையில் எந்தக் கட்டிடம், யாரைக் கேட்கவேண்டும் என்று சொல்லி, திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். மன்னிச்சிருங்கக்கா என்று அவள் சொல்லவந்தபோது பஸ் புறப்பட்டுவிட்டது. கல்லூரியில் சாப்பாட்டுப் பந்தி ஆரம்பித்திருக்கும், பரிமாற ஆள் குறைவு, அவள் வேகமாகத் திரும்பி நடந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மறுநாள் காலையில்தான் பார்த்தார்கள். காது டாக்டர் ஒரு பெண். அங்கேயும் ஒரு மிஷின் இருந்தது, பெயிண்ட் உரிந்த பழைய மிஷின். அதை இயக்க ஓர் ஆளும் இருந்தார். கண்ணாடி அறைக்குள் பிள்ளையை உட்காரவைத்து நெடுநேரம் பார்த்தார்கள். ஒரு கட்டத்தில், வலது காதில் பெருஞ்சத்தம் வைத்தபோது, கண்ணபிரான் விளையாட்டை நிறுத்திவிட்டு மெல்லத் தலையைத் திருப்பினான். கண்ணாடிக்கு வெளியே நின்ற பாலம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பிறவிக் குறைதாம்மா. முழுசா இல்லாமப் போகலை, வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கு. காதுக்கு மிஷின் வச்சு, பேச்சுப் பயிற்சி கொடுக்கணும். கொடுப்போம். ஆனா பிள்ளைக்கு அஞ்சு வயசு ஆகப்போகுதே. மூணு, மூணரைன்னா பேச்சு தானா ஏறும். இப்போ ஒவ்வொரு சொல்லுக்கும் கஷ்டப்படணும், எல்லாம் வரும்னு நான் சொல்லமுடியாது. போன வருஷமே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கு. எங்கம்மா இருந்தீங்க?"

"ஊர்லதான் இருந்தேன். பிள்ளைய எங்கயும் கொண்டுபோகக் கூடாதுன்னு சொல்லிட்டாவ."

டாக்டர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "யாரு சொன்னா?"

பாலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டிவியினால பிள்ளைகளுக்கு என்ன கெடுதல் வருதுன்னு ஆராய்ச்சி செய்யுதவிய."